பூசணம் பிடித்த வற்றலும் முளைக்காத விதையும்

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் ஒரு சிற்றூர். கொல்லையில் பத்து சென்டில் கத்தரி, கொத்தவரை, மிளகாய் வைத்திருக்கிறேன். போன கோடையில் போட்ட கத்தரி வற்றலையும் கொத்தவரை வற்றலையும் ஐப்பசியில் திறந்து பார்த்தால் பச்சையும் வெள்ளையுமாகப் பூசணம். அத்தனையும் மாட்டுக்குப் போட்டேன். இந்த வருடம் ஆறு கிலோ வற்றல் கையில் இருக்கிறது. இரண்டு நாள் மூட்டத்தில் இப்போதே நமுத்தாற்போல் தெரிகிறது. பூச்சிமருந்துக் கடையில் கேட்டேன். கார்பென்டாசிம் என்ற பூசணக்கொல்லிப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்து, கிலோவுக்கு 2 கிராம் தூவச் சொன்னார்கள். அளவு சரிதானா? கழுவிப் பொரித்தால் போதுமா? காய்ப்பு ஓய்ந்த கத்தரிச் செடிகளை அடுத்த வாரம் ஆள் வைத்துப் பிடுங்குகிறேன். மாமியார் காலத்துப் பச்சை வரிக் கத்தரிதான் அது, மீதி வைத்திருந்த விதை போன தடவை முளைக்கவில்லை. ஆடிப்பட்டத்துக்கு வீரிய ஒட்டு விதை வாங்கப் போகிறேன்.

பதில்: தூவாதீர்கள், அம்மா. ஒரு சிட்டிகைகூட வேண்டாம். அந்த 2 கிராம் எங்கிருந்து வந்தது தெரியுமா? அது விதை நேர்த்திக்குச் சொல்லும் அளவு. மண்ணில் போடப் போகிற விதைக்கு உரிய மருந்தை, குழந்தைகள் சாப்பிடப் போகிற வற்றலுக்கு ஒருவர் அளந்து கொடுத்திருக்கிறார். பயிருக்கு என்ன நோய் என்று பார்க்காமல் பொட்டலம் நீட்டுகிற கடைகளை வருடக்கணக்காகப் பார்த்துவருகிறேன். உணவில் தூவ நீட்டியது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்டு வாங்குங்கள்.

பூசணம் பிடித்ததைக் கழுவிப் பொரித்தாலும் சரியாகாது. சில பூசணங்கள் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை விட்டுவைக்கும். வெயிலுக்கும் எண்ணெய்ச் சூட்டுக்கும் அது முழுதாக அழியாது. மாட்டுக்குப் போட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இனி அதைச் செய்யாதீர்கள், பசு தின்றால் நஞ்சின் ஒரு பங்கு பாலில் இறங்கும். பூசணம் கண்டால் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

இப்போது இருக்கும் ஆறு கிலோவுக்கு வருவோம். ஒரு கத்தரி வற்றலை எடுத்து, விதை இருக்கும் நடுப்பகுதியில் ஒடித்துப் பாருங்கள். டக்கென்று முறிந்தால் காய்ந்திருக்கிறது. செருப்புத் தோல் மாதிரி வளைந்தால், மேலே மட்டும் காய்ந்து உள்ளே ஈரம் தங்கியிருக்கிறது. முதல் நாளே சுள்ளென்ற வெயிலில் தடித்த துண்டுகளைப் போட்டால் இப்படித்தான் ஆகும். மேற்புறம் இறுகி, உள் ஈரத்தை வெளியே விடாது. வெயில் வந்ததும் பரப்பி, மாலை நான்கு மணிக்கே எடுத்துவிடுங்கள். மாடியில் இரவு விட்டால் பகலில் போன ஈரம் பனியில் திரும்பி வந்துவிடும். சூட்டோடு டப்பாவில் அடைக்காதீர்கள், முழுதாக ஆறட்டும். பிறகு ஒரு கண்ணாடி ஜாடியில் முக்கால் பங்கு போட்டு மூடி, பத்து நாள் தினமும் ஒரு முறை குலுக்குங்கள். உள்சுவரில் ஆவி பூத்தால் மறுபடி வெயிலுக்குக் கொண்டு போங்கள். மண்பானை உங்கள் ஊர் ஐப்பசிக்கு ஆகாது, ஈரத்தை உள்ளே விடும்.

உப்பையும் கவனியுங்கள். புது உப்பில் மக்னீசிய உப்பு கலந்திருக்கும், அது காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். பழைய வீடுகளில் உப்பை மூங்கில் கூடையில் போட்டு, அடியில் நீர் சொட்டவிட்டு, மாதக்கணக்கில் வடிந்த பழைய உப்பைத்தான் வற்றலுக்கும் ஊறுகாய்க்கும் எடுப்பார்கள். வற்றல் நமுக்காமல் இருந்ததற்கு அது ஒரு பெரிய காரணம்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாதது கடைசி வரி. மாமியார் காலத்து விதை முளைக்கவில்லை என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டு, ஒட்டு விதைக்குப் போய்விட்டீர்கள். அந்த விதையை எங்கே வைத்திருந்தீர்கள்? வற்றல் இருந்த அதே அலமாரியிலா? அப்படியானால் வற்றலைக் கெடுத்த அதே ஈரம்தான் விதையையும் கெடுத்திருக்கிறது. விதையில் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது விதைச் சேமிப்பில் பழகிய கணக்கு. சான்று பெற்ற கத்தரி விதையில் ஈரம் 8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதி இருப்பது இதனால்தான். இரகத்தின் மீது குற்றமில்லை. நல்ல இரகத்தை ஒரு டப்பா மூடிக்காகக் கைவிடப் பார்க்கிறீர்கள்.

ஒட்டு விதை காய்க்காது என்று நான் சொல்லவில்லை. அதில் எடுத்த விதையைப் போட்டால் தாய்ச்செடி போல வராது. ஒவ்வொரு பட்டத்துக்கும் கடைக்குப் போய் நிற்க வேண்டும். சந்தைக்கு அனுப்பும் ஐந்து ஏக்கர்க்காரருக்கு அந்தக் கணக்கு கட்டுப்படியாகலாம். கொல்லையில் பத்து சென்ட் வைத்திருக்கும் உங்களுக்கு எதற்கு? உங்கள் மாவட்டத்து ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய திருவிழாவில் 2 கிலோ பாரம்பரிய விதைநெல் வாங்கிப் போனவர்கள், மறு வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தந்தார்கள். நெல்லுக்கு அப்படி ஓடி உழைத்த மண்ணில் ஒரு கத்தரி இரகம் சமையலறை அலமாரியில் சாகக் கூடாது.

எனவே செடிகளைப் பிடுங்காதீர்கள். இலை சிறுத்துக் கொத்தாகக் குவிந்திருக்கும் செடி இருந்தால் அது சிற்றிலை நோய், அதை மட்டும் வேரோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள். மீதியை ஒரு முழ உயரம் விட்டு மேலே வெட்டிக் கவாத்து செய்து, தூரைக் கொத்தி, மட்கிய தொழுவுரம் வைத்துத் தண்ணீர் விடுங்கள். புதுக் கிளை வெடித்து மறுபடி காய்க்கும். ஆடிக்கு விதையே வாங்க வேண்டியதில்லை.

கவாத்துக்கு முன் ஆரோக்கியமான ஐந்தாறு செடிகளைத் தனியே விட்டுவிடுங்கள். ஒவ்வொன்றிலும் புழு துளைக்காத, வடிவான ஒரு காய்க்குச் சிவப்பு நூல் கட்டுங்கள். வீட்டில் யாரும் குழம்புக்குப் பறித்துவிடாமல் இருக்கத்தான் நூல். நல்ல காய்களையெல்லாம் வற்றலுக்கு அரிந்துவிட்டு, கடைசியில் மிஞ்சிய சொத்தையை விதைக்கு விடுகிற பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. விதைக்குப் போக மீதிதான் வற்றலுக்கு. ஏக்கருக்கு 160 கிராம் விதை போதும் என்னும்போது, உங்கள் கொல்லைக்கு ஐந்தாறு காய்களே தாராளம்.

காய் செடியிலேயே மஞ்சளாகப் பழுக்கட்டும். பிறகு பிசைந்து தண்ணீரில் அலசுங்கள். மிதப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்குவதைத் துணியில் பரப்பி நிழலில் காயவையுங்கள். அதன்பின் காலை வெயிலும் மாலை வெயிலும் மட்டும் காட்டுங்கள், உச்சி வெயில் வேண்டாம். சின்னக் கண்ணாடிக் குப்பியில் கால் பங்கு வறுத்து ஆறிய அரிசியைப் போட்டு, விதையைத் தாளில் மடித்து மேலே வைத்து இறுக மூடுங்கள். அரிசி ஈரத்தை வாங்கிக்கொள்ளும். புதிதாக எடுத்த கத்தரி விதை சில வாரம் உறங்கும். அவசரப்பட்டு ஆடியில் போட்டுவிட்டு முளைக்கவில்லை என்று கலங்காதீர்கள், அது மார்கழி நாற்றங்காலுக்கு. அதற்கு முன் இருபது விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். பதினான்குக்குக் குறையாமல் முளைத்தால் விதை நல்ல விதை.

செடி பிடுங்க வரும் ஆளிடம் வர வேண்டாம் என்று இன்றே சொல்லி அனுப்பிவிடுங்கள்.