மாதிரி விமான இறக்கை டெம்ப்ளேட் (வெட்டுவதற்கான அச்சு வடிவம்): வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கிளார்க் ஒய் ஏர்ஃபாயிலில் (இறக்கையின் குறுக்குவெட்டு வடிவம்) 200 மி.மீ. நாண் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையிலான நீளம்) உள்ள ரிப்களை (இறக்கைக்கு அந்த வடிவத்தைத் தரும் குறுக்குச் சட்டங்கள்) மென்பொருளில் வரைந்து வெட்டினேன். மேலும் கீழும் 1.5 மி.மீ. பால்சா மரத் தகடு ஒட்டியதும் இறக்கை தடித்துவிட்டது. அடுத்த முறை படத்தைச் சில சதவீதம் சுருக்கி அச்சிட்டால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. தயவுசெய்து அந்த வழிக்குப் போகாதீர்கள். கிளார்க் ஒய்யின் தடிமன் நாணில் 11.7 சதவீதம், உங்கள் ரிப்பில் அது 23.4 மி.மீ. இரு தகடுகளும் சேர்ந்து அதை 26.4 ஆக்கிவிட்டன. ரிப் 20.4 மி.மீ. ஆகும்படி படம் முழுவதையும் சுருக்கினால் நாண் 174 மி.மீ.க்கு இறங்கிவிடும். உயரத்தை மட்டும் சுருக்கலாமே என்பீர்கள். அப்போது மிகத் தடித்த இடத்தில் 3 மி.மீ. குறையும், உண்மைதான். ஆனால் பின்விளிம்பை நெருங்கி ரிப் 6 மி.மீ. கனமாக இருக்கும் இடத்தில் முக்கால் மில்லிமீட்டர்தான் குறையும். தகடோ அங்கேயும் 3 மி.மீ. கேட்கிறது. பின்பாதி பருத்துப்போய், நீங்கள் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த ஏர்ஃபாயில் வேறொன்றாகிவிடும்.

அதற்குப் பதிலாக, ரிப்பின் வெளிக்கோட்டின் ஒவ்வொரு புள்ளியையும், அந்த இடத்துச் சாய்வுக்குச் செங்குத்தாக, 1.5 மி.மீ. உள்ளே தள்ளி வரைய வேண்டும். ரிப் வரைவதற்கென்றே எழுதப்பட்ட மென்பொருள்களில் தகட்டின் தடிமனைக் கேட்கும் கட்டம் இதற்காகத்தான் இருக்கிறது. பால்சாக் கட்டின் மேல் எழுதியிருக்கும் அளவை அதில் அப்படியே இடாதீர்கள். வெர்னியரால் தகட்டை நாலைந்து இடங்களில் அளந்து, அந்த எண்ணை இடுங்கள். பால்சா அவ்வளவு ஒழுங்கான மரம் அல்ல.

எண்ணை இட்டதும் ரிப்பின் மூக்கு 1.5 மி.மீ. பின்வாங்கி, வளைவு சற்று இறுகும். பின்விளிம்பில் மேல்கோடும் கீழ்க்கோடும் நுனிக்கு முன்பே ஒன்றையொன்று தொட்டுவிடும். ரிப் அங்கேயே முடிய வேண்டும். பலர் இதைக் கணினியின் பிழை என்று நினைத்து, கையால் கூர்நுனி ஒன்றை நீட்டி வரைந்துவிடுகிறார்கள். வேண்டாம். அந்தப் புள்ளிக்கு அப்பால் இரு தகடுகளையும் உட்பக்கமாகச் சாய்வாக உரசி, ஒன்றோடொன்று ஒட்டுங்கள். தகடு ஸ்பார் (ரிப்களைக் கோத்து இறக்கையின் நீளவாக்கில் ஓடும் சட்டம்) வரைக்கும்தான் என்றால் இன்னொன்றையும் முடிவு செய்துகொள்ளுங்கள். ஸ்பாருக்குப் பின்னால் ரிப்பின் மேல் அதே கனத்தில் பட்டை ஒட்டுவதாக இருந்தால் கோட்டை முழு நீளத்துக்கும் உள்ளே தள்ளுங்கள்; பட்டை இல்லையென்றால் தகடு முடியும் இடத்தோடு நிறுத்துங்கள்.

கேள்வி: அதே கிளார்க் ஒய்யைத் திரையில் பார்த்தால் அடிப்பக்கம் சாய்ந்து தெரிகிறது. தட்டையாகத்தானே இருக்க வேண்டும்? கோப்பு தவறா?

பதில்: கோப்பு சரிதான். 1922இல் வர்ஜீனியஸ் கிளார்க் வடிவமைத்த இந்த ஏர்ஃபாயிலின் அடிப்பக்கம் நாணின் 30 சதவீதத்திலிருந்து பின்விளிம்பு வரை நேர்கோடு. பழைய அட்டவணைகள் உயரங்களை அந்தக் கோட்டிலிருந்து அளந்தன. அதில் முன்விளிம்பு 3.5 சதவீதம் மேலே நிற்கும். இன்றைய மென்பொருள்கள் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் ஒரே மட்டத்தில் வைக்கின்றன. அதனால் அடிப்பக்கம் சுமார் 2 பாகை சாய்ந்து தெரிகிறது. தட்டையான பலகையில் வைத்து இறக்கையைக் கட்டப்போகிறீர்கள் என்றால் படத்தை அந்த 2 பாகை திருப்பிவிட்டு அச்சிடுங்கள். உங்கள் விமானத் திட்டத்தில் இறக்கையின் கோணம் எந்தக் கோட்டிலிருந்து சொல்லப்பட்டிருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். இந்த 2 பாகையை இருமுறை கூட்டிவிட்டால் விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டே பறக்கும்.

கேள்வி: இணையத்திலிருந்து எடுத்த ஏர்ஃபாயில் கோப்பைத் திறந்தால் வடிவத்தின் குறுக்கே ஒரு கோடு ஓடுகிறது.

பதில்: புள்ளிகளின் வரிசைதான் காரணம். ஒரு வகைக் கோப்பு பின்விளிம்பில் தொடங்கி, மேற்பக்கமாக முன்விளிம்புக்குப் போய், அடிப்பக்கமாகத் திரும்பும். இன்னொரு வகையில் மேற்பக்கம் முன்னிருந்து பின்னாகவும், பிறகு அடிப்பக்கம் மறுபடி முன்னிருந்து பின்னாகவும் வரும். இரண்டாவதை முதலாவதாக நினைத்துப் படித்தால் குறுக்குக்கோடு விழும். கோப்பை எழுத்துத் திருத்தியில் திறந்து, மேற்பக்க வரிகளைத் தலைகீழ் வரிசையில் மாற்றி அடுக்குங்கள். பெயருக்கு அடுத்த வரியில் 17, 17 என்பதுபோல் இரண்டு எண்கள் இருந்தால் அவை புள்ளிகளின் எண்ணிக்கை. அந்த வரியை நீக்கிவிடுங்கள்.

கேள்வி: நுனி நோக்கிக் குறுகும் இறக்கை: நாண் வேரில் (விமான உடலோடு சேரும் இடத்தில்) 240 மி.மீ., நுனியில் 160 மி.மீ., மொத்தம் 9 ரிப்கள். வேர், நுனி அளவுகளில் இரண்டு டெம்ப்ளேட்டுகள் செய்து, அவற்றுக்கு நடுவே பால்சாவை அடுக்கி உரசினால் போதாதா?

பதில்: நாண் எங்கும் மாறாத செவ்வக இறக்கைக்கு அது அருமையான முறை, நானே விரும்பிச் செய்வது. உங்கள் இறக்கைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். 2 மி.மீ. பால்சாவை அடுக்கி உரசினால் ஒரே ரிப்பின் இரு முகங்களுக்கும் இடையே நாண் ஏறத்தாழ 10 மி.மீ. வேறுபடும். அந்தச் சாய்வைப் பிறகு நேராக்கும்போது வடிவம் கெட்டுவிடும். ரிப்களுக்கு இடைவெளி சமம் என்றால் கணக்கு எளிது: 240, 230, 220 என்று பத்துப் பத்தாகக் குறையும். ஒன்பதையும் தனித்தனியே அச்சிடுங்கள். ஸ்பார் குழியை மட்டும் நாணோடு சேர்ந்து சுருங்க விடாதீர்கள். குழியின் இடம் நாணில் அதே சதவீதத்தில் இருக்கட்டும், அப்போது ஸ்பார் நேராகப் போகும். குழியின் அளவு ஒன்பதிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும், ஸ்பார் மெலிவதில்லையே.

கேள்வி: 220 மி.மீ. ரிப் தாளில் 213 மி.மீ. ஆக வருகிறது.

பதில்: அச்சிடும்போது ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற தெரிவு இயங்கியிருக்கிறது. அதை நீக்கி 100 சதவீதம் என்று வையுங்கள். படத்தோடு 100 மி.மீ. கோடுகள் இரண்டை, ஒன்று கிடையாக, ஒன்று செங்குத்தாக வரைந்து அச்சிடுங்கள். இரண்டையும் எஃகு அளவுகோலால் அளந்த பிறகே கத்தியை எடுங்கள்.