புராஸ்டேட் கதிர்வீச்சு: 37 தடவை எப்படி 5 ஆனது?

புராஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோய்க்கு ஏழெட்டு வாரம் கொடுத்த கதிர்வீச்சை ஐந்தே தடவையில் முடித்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நோய் புராஸ்டேட்டைத் தாண்டாத, தீவிரம் குறைந்தவர்களுக்குப் பெரும்பாலும் போதும். இந்தப் புற்றுச் செல்கள் சின்னச் சின்ன அடியைச் சரிசெய்துகொள்ளும். ஒரேயடியாகப் பலமாக விழுந்தால் தாங்காது. பிரிட்டனின் 'சிப்' ஆய்வில் (2016) 37 தடவையில் கொடுத்த 74 கிரேக்கு (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு), 20 தடவையில் கொடுத்த 60 கிரே சளைக்கவில்லை. அப்புறம் 'பேஸ்-பி' ஆய்வு (2024) ஐந்துக்கே இறங்கியது. ஐந்தாண்டு கழித்தும், ஐந்து தடவைக்காரர்கள், அதைவிட அதிகத் தடவைக்காரர்கள் என இரு தரப்பிலும் சுமார் 95% பேருக்கு நோய் தலைகாட்டவில்லை. சிறுநீர்த் தொல்லை மட்டும் ஐந்து தடவைக்காரர்களுக்குச் சற்று அதிகம்.

இன்னொன்று: ஒவ்வொரு தடவையும், கதிர் படாமல் குடல் விலகி நிற்பதற்காகத் தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு அசையாமல் படுக்க வேண்டும். வயதானவர்களுக்கு என்னைக் கேட்டால் அதுதான் பெரிய சோதனை. 37 நாளுக்கு 5 நாள் பரவாயில்லைதானே!