ஆக்சிமீட்டரில் 84, ஆனால் ஆள் நன்றாகப் பேசுகிறார்

விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை 84 சதவீதம்தான் என்று காட்டுகிறது, ஆளோ நன்றாகப் பேசுகிறார், என்ன செய்வது என்று கேட்டீர்கள், நர்ஸ் மிஸ்ஸி. முதலில் நாடியைக் கையால் ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். கருவி காட்டும் துடிப்போடு அது ஒத்துப்போகவில்லை என்றால் அந்த 84ஐ நம்ப முடியாது.

மழையில் நனைந்து வந்த பால்மரம் (ரப்பர்) வெட்டும் தொழிலாளி என்கிறீர்கள், விரல் சில்லிட்டு ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் நானும் இதைப் பார்த்திருக்கிறேன். கையைத் துடைத்து, கம்பளிக்குள் வைத்துச் சூடாக்கி, நகத்தில் காய்ந்துபோன பாலைச் சுரண்டிவிட்டு வேறு விரலில் மாட்டுங்கள், கருவித் திரையில் துடிப்பலை சீராகும்வரை பொறுங்கள்.

அப்புறம் மூச்சையும் எண்ணுங்கள். நிமிடத்துக்கு 25ஐத் தொட்டாலோ உதடு நீலம் பூத்தாலோ, எண்ணோடு மல்லுக்கட்டாமல் ஆக்சிஜனைப் போட்டு டாக்டரை எழுப்புங்கள், நடுராத்திரி என்று தயங்கவே வேண்டாம்.

களைக்கொல்லி குடித்திருப்பாரோ என்ற சந்தேகம் இருந்தால் அதையும் போனிலேயே சொல்லிவிடுங்கள். அது பாராகுவாட் என்ற களைக்கொல்லி என்றால் தேவைக்கு மேல் கொடுக்கும் ஆக்சிஜன் நுரையீரலை இன்னும் கெடுக்கும்.