ஸ்காட்லாந்து தானாகவே இன்னொரு விடுதலை வாக்கெடுப்பு நடத்த முடியாதா?

முடியாது. 1998 ஸ்காட்லாந்து சட்டப்படி, இங்கிலாந்துடனான ஒன்றியம் லண்டன் நாடாளுமன்றத்துக்கென ஒதுக்கப்பட்ட விஷயம். முடிவு யாரையும் கட்டுப்படுத்தாத வெறும் கருத்தறியும் வாக்கெடுப்புதானே என்ற வாதத்தையும் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் ஒருமனதாக நிராகரித்தது. கட்டுப்படுத்தாவிட்டாலும் அதன் அரசியல் விளைவு பெரிது என்பதே காரணம். அத்துடன் 2023 அக்டோபர் 19 என்று ஸ்காட்லாந்தின் அப்போதைய முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் குறித்த தேதி கைநழுவியது.

2014-இல் மட்டும் எப்படி நடந்தது? அச்சட்டத்தின் 30ஆம் பிரிவின்கீழ், அதிகாரத்தைத் தற்காலிகமாக மாற்றித் தரும் ஆணையை லண்டன் கொடுத்தது. ஆணை செல்லுபடியாக லண்டனின் இரு அவைகளும் எடின்பரோவிலுள்ள ஸ்காட்லாந்து நாடாளுமன்றமும் ஒப்ப வேண்டும். 16 வயதினரும் வாக்களித்தார்கள், 84.6% வாக்குப்பதிவு, 55.3% ‘வேண்டாம்’.

"ஒரு தலைமுறைக்கு ஒருமுறை என்றீர்களே" என்று விடுதலை ஆதரவாளர்களின் 2014 பேச்சைத் திருப்பிக் காட்டுவது எதிர்ப்பாளர்களின் ஆயுதம். ஆனால் அது பிரசாரப் பேச்சு, சட்டத்தில் இல்லை. பிரிட்டனிலிருந்து பிரிவது பற்றிய வாக்கெடுப்புகளுக்கு இடையே, வட அயர்லாந்துக்கோ அதற்கான தனி 1998 சட்டமே குறைந்தது 7 ஆண்டு இடைவெளி என எழுதி வைத்திருக்கிறது. விடுதலை ஆதரவுத் தரப்போ பிரெக்சிட்டை, அதாவது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறியதைக் காட்டுகிறது: 2016-இல் ஸ்காட்லாந்தில் 62% பேர் ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்கவே வாக்களித்தும் வெளியேற வேண்டியதாயிற்று. என் பார்வையில் இதுதான் வலுவான வாதம்.

அனுமதியில்லாமல் நடத்தினால்? 2017-இல் ஸ்பெயினின் கட்டலோனியா மாநிலம் அப்படிச் செய்தது. எதிர்த்தரப்பு பெரும்பாலும் வாக்களிக்க வரவில்லை. சுமார் 90% ஆதரவு விழுந்தும் வாக்குப்பதிவு 43% அளவிலேயே நின்றது. எந்த நாடும் ஏற்கவில்லை.