ரூத் லோரன்ஸ்: வீட்டில் படித்து 12 வயதில் ஒக்ஸ்போர்ட் போன பிள்ளை – உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

யாழ்ப்பாணத்தில் கனகாலமாகக் கணிதம் படிப்பிக்கிறேன். ரூத் லோரன்ஸ் பற்றிப் பெற்றோரும் மாணவரும் கேட்டவற்றுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன்.

சேர், அந்தப் பிள்ளை உண்மையாகவே பள்ளிக்கூடம் போகவில்லையா? (கொக்குவிலில் ஒரு தாய்)

ஓம் அக்கா, வீட்டில்தான் படிப்பு. 1971இல் இங்கிலாந்தின் பிரைட்டனில் பிறந்தவர். தாயும் தகப்பனும் கணினித் துறையில் இருந்தவர்கள். பிள்ளைக்கு 5 வயதானபோது தகப்பன் ஹரி லோரன்ஸ் வேலையை விட்டுவிட்டு, முழு நேரமும் பக்கத்தில் இருந்து படிப்பித்தார். 9 வயதில் சாதாரண தரக் கணிதமும் உயர் தரத் தூய கணிதமும் சித்தி. 1981இல் ஒக்ஸ்போர்ட் நுழைவுத் தேர்வில் 530 பேரில் முதலிடம், அப்போது வயது 10. 12 வயதில் அங்கே சேர்ந்து, மூன்று வருடப் பட்டத்தை இரண்டே வருடத்தில் முடித்து, 1985இல் முதல் வகுப்பு. அடுத்த வருடம் பௌதிகவியலிலும் ஒரு பட்டம். 17 வயதில் கலாநிதி.

சட்டம் இடம் கொடுத்ததா?

அங்கே கொடுத்தது. 1944 கல்விச் சட்டம், பிள்ளைக்கு அதன் வயதுக்கும் ஆற்றலுக்கும் ஏற்ற கல்வி கிடைப்பதைப் பெற்றோரின் கடமையாக்கியது. அது பள்ளியிலும் நடக்கலாம், வேறு வழியிலும் நடக்கலாம். இங்கே 5 முதல் 16 வயது வரை கட்டாயக் கல்வி. பிள்ளையைப் பள்ளியால் மறிக்கிற எண்ணம் இருந்தால் முதலில் வலயக் கல்வி அலுவலகத்தில் போய்க் கதையுங்கள்.

தகப்பன் பல்கலைக்கழக வகுப்புக்குள்ளும் கூடவே இருந்தாராமே? அது சரியா?

இருந்தார். விரிவுரைகளுக்கு ஒன்றாகப் போய், இரண்டு பேர் மிதிக்கிற ஒரு சைக்கிளில் திரிந்தார்கள். 12 வயதுப் பிள்ளையைப் பெரியவர்கள் நடுவில் தனியே விட முடியாது என்பது எனக்கு விளங்குகிறது. ஆனால் கணிதம் படிக்கிற பிள்ளைக்குச் சக மாணவர்கள் வேண்டும்: கரும்பலகைக்கு முன்னால் பிழை விட்டு, இன்னொருவன் "அது எப்படி?" என்று கேட்க, திரும்ப யோசிக்கிற பழக்கம் தகப்பன் பக்கத்தில் இருந்தால் வளர்வது கஷ்டம். அந்தத் தகப்பனின் தியாகத்தை மதிக்கிறேன், அந்த முறையை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சேர், கம்பஸில் கணிதம் படிக்கிறேன். வயதை விட்டுவிடுவோம், அவர் கணிதத்துக்கு என்ன செய்தார்?

இதைக் கேட்டதற்கு நன்றி தம்பி, வயதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.

தலைமயிரை மூன்று புரியாகப் பிரித்துப் பின்னுவதை நினையுங்கள். எந்தப் புரி எதற்கு மேலால் போகிறது என்ற ஒழுங்குதான் பின்னல். ஒரு பின்னலுக்குக் கீழே இன்னொன்றைத் தொடர்ந்தால் புதுப் பின்னல், அவிழ்ப்பது அதன் நேர்மாறு. இப்படிச் சேர்க்கவும் நேர்மாறாக்கவும் முடிகிற தொகுதியைக் கணிதத்தில் குலம் (group) என்பார்கள், ஆகவே இது பின்னற் குலம். இரண்டு பின்னல்கள் பார்வைக்கு வேறாக இருந்து உண்மையில் ஒன்றாக இருக்கலாம். அதனால் ஒவ்வொரு பின்னலுக்கும் ஒரு தாயத்தைக் (matrix, எண்களோ கோவைகளோ நிரை நிரலாக அடுக்கிய அட்டவணை) கொடுத்து, தாயங்களைப் பெருக்கிப் பார்க்க விரும்புகிறோம். கேள்வி என்னவென்றால், வேறு வேறு பின்னல்களுக்கு எப்போதும் வேறு வேறு தாயங்கள்தான் வருமா? இப்படித் தாயம் கொடுக்கிற முறைக்கு வகைக்குறிப்பு என்று பெயர். பூரோ என்ற கணிதவியலாளரின் பழைய வகைக்குறிப்பு மூன்று புரிக்குச் சரிவந்தது. ஐந்தும் அதற்கு மேலும் போனால் உடைந்துவிடுகிறது என்று 1990களில் தெரிந்தது.

பெயர்பெற்ற கணிதவியலாளர் மைக்கேல் அத்தியாவின் மேற்பார்வையில் ரூத் செய்த ஆய்வில் இருந்து 1990இல் ஒரு புதிய வகைக்குறிப்புக் குடும்பம் வெளிவந்தது. பத்து வருடம் கழித்து, ஸ்டீபன் பிகலோவும் டான் கிராமரும் தனித்தனியே, அதில் ஒன்று எத்தனை புரி இருந்தாலும் வேறு வேறு பின்னலுக்கு வேறு வேறு தாயத்தையே தரும் என்று நிறுவினார்கள். இன்று அதன் பெயர் லோரன்ஸ்–கிராமர் வகைக்குறிப்பு. 13 வயதில் எடுத்த பட்டம் பத்திரிகைச் செய்தி. பாடப்புத்தகத்தில் நிற்பது இதுதான்.

பேரனுக்கு 7 வயது, 20 வரை வாய்பாடு தண்ணீர்பட்ட பாடு. பள்ளியை மறித்து வீட்டில் வைத்துப் படிப்பிக்கலாமா? (சாவகச்சேரியில் ஒரு ஐயா)

வேண்டாம் ஐயா. வாய்பாடு நினைவாற்றல், அது நல்லது, அவ்வளவுதான். அவன் "ஏன்" என்று கேட்கிறானா, ஒரே கணக்கோடு இரண்டு மூன்று நாள் விடாமல் இருக்கிறானா என்று பாருங்கள். 9ஐ 2+3+4 என்று அடுத்தடுத்த எண்களின் கூட்டாக எழுதலாம், 7ஐ 3+4 என்று எழுதலாம். எந்த எண்களை அப்படி எழுதவே முடியாது, ஏன்? இதைக் கொடுத்துவிட்டு, விடையைச் சொல்லாமல் தள்ளி இருங்கள். புலமைப்பரிசில் பரீட்சைக்கென்று இப்போதே ரியூசனுக்கு அனுப்பினால் இதற்கெல்லாம் நேரம் இருக்காது.

இப்படிப்பட்ட பிள்ளைகள் பிறகு கெட்டுப்போவார்கள் என்கிறார்களே?

பொது விதி கிடையாது. நோர்பேர்ட் வீனரையும் தகப்பன்தான் வீட்டில் படிப்பித்தார், சின்னப் பிழைக்கும் கடுமையாக ஏசி. 14 வயதில் பட்டம், 18 வயதில் ஹார்வர்டில் கலாநிதி, பிறகு சைபர்நெட்டிக்ஸ் (இயந்திரங்களும் உயிர்களும் தம்மைக் கட்டுப்படுத்துவதையும் தகவல் பரிமாறுவதையும் ஆராய்வது) என்ற துறையையே தொடக்கியவர். அதே காலத்தில் 11 வயதில் ஹார்வர்ட் போன வில்லியம் சைடிஸ், நாலு பரிமாண உருவங்கள் பற்றி அங்கே விரிவுரை செய்தவர், பிற்காலத்தில் கணிதத்தை விட்டு ஒதுங்கிச் சாதாரண அலுவலக வேலைகள் பார்த்து 1944இல் 46 வயதில் இறந்தார். பத்திரிகைகள் அவரை வளர்ந்த பிறகும் விடவில்லை. நம் ஊரில் ஒரு பிள்ளை கெட்டித்தனமாக இருந்தால் உடனே படம் பிடித்துப் போடுகிறோமே, தயவுசெய்து அதை நிற்பாட்டுங்கள்.

ரூத் இப்போது எங்கே இருக்கிறார்?

ஹார்வர்டிலும் மிச்சிகனிலும் இருந்துவிட்டு, 1998இல் கலியாணம் முடித்து, அடுத்த வருடம் இஸ்ரேல் போனார். ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிப்பித்து ஆய்வு செய்துவருகிறார். தன் பிள்ளையை அவசரப்படுத்தப் போவதில்லை, இயல்பான வேகத்தில் வளரட்டும் என்று வெளிப்படையாகச் சொன்னவர்.