எட்டு ஏஜென்ட்களும் ஒரு வாசலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் பில்லிங் மென்பொருள் ஜாங்கோ என்ற பைதான் ஃப்ரேம்வொர்க்கில் எழுதப்பட்டது. அதன் புது வசதிகளை ஏஐ ஏஜென்ட்களைக் கொண்டு எழுத வைக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். மேனேஜர், ஆர்க்கிடெக்ட், நான்கு டெவலப்பர், டெஸ்டர், ரிவ்யூவர் என்று எட்டு ஏஜென்ட்களை அமைத்து, ஒன்றோடொன்று பேசிக்கொள்ள விட்டேன். ஒவ்வொரு பிராஞ்சிலும் (தனியாக வேலை செய்யும் கோட் கிளை) டெஸ்ட் பாஸ். கிளைகளை ஒன்றாக்கும் மெர்ஜில் ஒரு கான்ஃப்ளிக்ட்கூட (மோதல்) இல்லை. சேர்த்த பிறகு 50 ரூபாய் தள்ளுபடி 50 பைசாவாகக் கழிகிறது. ஒரு ஏஜென்ட் தொகையைப் பைசாவுக்கு மாற்றியிருக்கிறது, இன்னொன்று ரூபாய் என்றே நினைத்துத் தள்ளுபடியை எழுதியிருக்கிறது. லாங்கிராஃப், க்ரூஏஐ, ஆட்டோஜென் என்ற ஏஜென்ட் ஃப்ரேம்வொர்க்குகளில் எதற்கு மாறினால் இது தீரும்? எல்லாவற்றுக்கும் ஒரே மாடல் போதுமா? டோக்கன் (மாடல் படித்து எழுதும் சொல்துண்டு) செலவைப் பார்த்து மேலிடத்தில் கோபம். இது எனக்குச் சரிப்பட்டு வராதோ என்று தோன்றுகிறது.

செந்தில்

அன்புள்ள செந்தில்,

கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்கிறேன். கான்ஃப்ளிக்டே வராத மெர்ஜுக்குள் ஒளிந்திருந்த பிழையைப் பைசா வரைக்கும் துரத்திப் பிடித்திருக்கிறீர்கள். இந்த வேலைக்கு வேண்டிய கண் உங்களிடம் இருக்கிறது. அந்தச் சந்தேகத்தை விடுங்கள். கடிதம் வந்த நேரத்தைப் பார்த்தால் இரவு இரண்டு மணி. தூக்கத்தையும் கொஞ்சம் கவனியுங்கள்.

ஆனால் பிழையை அவ்வளவு சரியாகப் பிடித்துவிட்டு, அடுத்த வரியிலேயே எந்த ஃப்ரேம்வொர்க் என்று கேட்கிறீர்களே, அதற்குத்தான் கோபம் வருகிறது. மூன்றில் எதற்கு மாறியிருந்தாலும் அந்த ஐம்பது ரூபாய் ஐம்பது பைசாவாகத்தான் கழிந்திருக்கும். வேலைப் பட்டியலுக்கு ஒரு டேட்டாபேஸ் டேபிள், அதைப் படித்து ஏஜென்ட்டைக் கிளப்பும் ஒரு சின்ன பைதான் நிரல் போதும். பணி எண், கிளம்பிய கமிட் (கோடின் சேமித்த நிலை), பிராஞ்ச், நிலை, எத்தனையாவது முயற்சி, செலவான டோக்கன் என்று ஆறு நெடுவரிசை வையுங்கள். மூன்று முயற்சியில் முடியாத பணி மனிதரிடம் வரட்டும். ஒரே மாடலா, வேறு வேறா என்பது இப்போதைக்கு முக்கியமே இல்லை.

பாத்திரப் பெயர்களையும் அரட்டையையும் எடுத்துவிடுங்கள். எட்டுப் பேர் ஒருவரோடொருவர் பேசினால் 28 ஜோடி. பேச்சு நீள நீளப் பழைய பகுதி சுருக்கப்படும். ‘பைசா’ போன்ற ஒற்றைச் சொல் அந்தச் சுருக்கத்தில் எளிதாகக் காணாமல் போகும். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2025-ல் தன் பல ஏஜென்ட் ஆராய்ச்சி அமைப்பைப் பற்றி எழுதியபோது, சாதாரண உரையாடலைவிடச் சுமார் 15 மடங்கு டோக்கன் செலவாகிறது என்றது. கோடிங் வேலையில் உண்மையிலேயே இணையாக நடத்தக்கூடிய பகுதி ஆராய்ச்சியில் இருப்பதைவிடக் குறைவு என்றும் சொன்னது. மேலிடத்தின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

இனி, உங்கள் கடிதத்துக்கு முன்பிருந்தே என்னை அரித்துக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

பிராஞ்சில் தெரிகிற பச்சை டிக், அந்த பிராஞ்ச் கிளம்பிய நேரத்து மெயினோடு (எல்லாம் வந்து சேரும் முதன்மைக் கிளை) சேர்த்துச் சோதித்ததற்குக் கிடைத்தது. அதற்குள் மெயின் நகர்ந்திருந்தால் அந்த டிக் செல்லாது. கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட், வரிகளை ஒப்பிடுமே தவிர அர்த்தத்தைப் பார்க்காது. ஒருவர் மாடல்ஸ் ஃபைலிலும் இன்னொருவர் தள்ளுபடி ஃபைலிலும் கை வைத்தால் அதற்கு மோதலே தெரியாது. ரஸ்ட் மொழியைத் தொடங்கிய கிரேடன் ஹோர் 2014-ல் இதை ஒரு விதியாகவே எழுதினார்: எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆகிற நிலையிலேயே எப்போதும் இருக்கும் ரிப்போ (கோட் களஞ்சியம்) ஒன்றை இயந்திரமே பராமரிக்க வேண்டும். பிராஞ்சை மெயினின் இப்போதைய நுனியோடு தற்காலிகமாகச் சேர்த்து, அந்தச் சேர்க்கையில் முழு டெஸ்ட்டையும் ஓட்டி, பாஸ் ஆனால் மட்டும் மெயினை அங்கே நகர்த்த வேண்டும். ஒரு சமயத்தில் ஒன்று. ரஸ்ட் திட்டத்தில் போர்ஸ் என்ற நிரல் இதைச் செய்தது. கிட்ஹப்பில் மெர்ஜ் க்யூ என்ற பெயரில் 2023-ல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது.

உங்கள் அமைப்பில், சோதித்துப் பாஸ் ஆனதை மட்டும் மெயினுக்குள் விடும் இந்த வாசல் இல்லை. எட்டு பேரை வேலைக்கு வைத்தீர்கள், சேர்க்கும் இடத்தில் ஒருவரும் இல்லை. கல்யாணச் சமையலில் காய் நறுக்க எட்டுப் பேர் உட்காரலாம், உப்புப் போடுவது ஒரு கைதான்.

வாசல் வைத்ததும் ஏஜென்ட்களின் எண்ணிக்கையை அதுவே தீர்மானித்துவிடும். முழு டெஸ்ட்டுக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசல் ஒரு மணிக்கு ஆறு பிராஞ்சைச் சோதிக்கும். ஓர் ஏஜென்ட் 40 நிமிடத்தில் ஒரு பணியை முடித்தால் மணிக்கு ஒன்றரை. நான்கு ஏஜென்ட்களிலேயே வாசல் நிரம்பிவிடும். எட்டு வைத்தால் மணிக்குப் பன்னிரண்டு வந்து ஆறு தேங்கும். தேங்கியது பழசாகும், பழசானதை ரீபேஸ் (புது மெயின் மேல் மாற்றி அமைத்தல்) செய்ய ஏஜென்ட்டை மறுபடி எழுப்ப வேண்டும், அதற்கும் டோக்கன். மூன்றில் ஒன்று தோற்கிறது என்றால் சோதித்த ஆறில் நான்குதான் உள்ளே போகும்.

நான்கு நான்காகக் கட்டிச் சோதித்தால் என்ன என்று கேட்பீர்கள். தோல்வி அபூர்வமாக இருக்கும் இடத்தில் அது நல்ல உத்தி. மூன்றில் ஒன்று தோற்கும் இடத்தில் நான்கும் சேர்ந்து பாஸ் ஆகும் வாய்ப்பு 81-ல் 16, அதாவது ஐந்தில் ஒரு முறை. மற்ற நான்கு முறையும் கட்டைப் பிரித்து எது கெடுத்தது என்று தேட வேண்டும். இருந்ததைவிட மெதுவாகிவிடும்.

அதோடு, மாறிய வரிகளைக் காட்டும் டிஃப்பை நீங்கள் படிக்கிறீர்களா இல்லையா? ஒன்றுக்கு இருபது நிமிடம் என்றால் மணிக்கு மூன்று. இரண்டு ஏஜென்ட் போதும். எட்டு ஏஜென்ட் ஓடுகிறது, நீங்களும் எல்லாவற்றையும் படிக்கிறீர்கள் என்றால் இரண்டில் ஒன்று உண்மையில்லை. எண்ணிக்கையைக் கூட்ட வேண்டுமென்றால் டெஸ்ட்டை வேகமாக்குங்கள், பணியைச் சிறியதாக்குங்கள். பத்து நிமிட டெஸ்ட் ஐந்தானால் வாசலின் கொள்ளளவு இரட்டிப்பாகும்.

ஆனால் வாசல் மட்டும் உங்கள் பைசாவைப் பிடித்திருக்காது. தள்ளுபடியின் டெஸ்ட் ‘1000-ல் 50 போனால் 950’ என்றுதான் சொல்லும். எண்ணுக்கு ரூபாயும் தெரியாது, பைசாவும் தெரியாது. அது சேர்ந்த பிறகும் பாஸ் ஆகும். விலையை உள்ளிடுவதில் தொடங்கி பில் அச்சாவது வரை முழுதாக ஓடும் டெஸ்ட் வேண்டும்: 1000 ரூபாய் பொருள், 50 ரூபாய் தள்ளுபடி, காகிதத்தில் 950.00. இதை வேலை தொடங்கும் முன் மனிதர் எழுத வேண்டும். டெஸ்ட் ஃபோல்டரில் ஏஜென்ட் கை வைத்தால் வாசலே அந்த பிராஞ்சைத் திருப்பி அனுப்பட்டும். பாஸ் ஆக்கு என்று மட்டும் சொல்லிவிட்டால் டெஸ்ட்டைத் தளர்த்துவதும், ஸ்கிப் போடுவதும், எதிர்பார்த்த விடையைக் கோடிலேயே எழுதிவைப்பதும் இந்த மாடல்களிடம் உண்டு. தொகைக்கென்று ஒரு தனி டைப்பும் (டேட்டா வகை) வைத்து, வெறும் எண்ணோடு கூட்டினால் பிழை எழும்படி செய்யுங்கள். அந்த டைப் முதலில் மெயினுக்குப் போகட்டும், பிறகு மற்ற பணிகள் கிளம்பட்டும்.

ஒவ்வொரு பணிக்கும் தொடக்கூடிய ஃபைல்களின் பட்டியல் கொடுங்கள். மாறிய ஃபைல்களின் பெயரை கிட் டிஃப்பிலிருந்து எடுத்து நிரலே ஒப்பிடட்டும். செட்டிங்ஸ், பேக்கேஜ் பதிப்புகளைக் குறித்து வைக்கும் லாக் ஃபைல், டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் மைக்ரேஷன் இவை ஒரு சமயத்தில் ஒரே பணிக்கு. இரண்டு ஏஜென்ட்கள் ஒரே 0013-ஆம் மைக்ரேஷனிலிருந்து ஆளுக்கொரு 0014 எழுதினால் ஃபைல் பெயர் வேறு என்பதால் கிட் பேசாமல் இருக்கும், ஜாங்கோதான் மைக்ரேட் ஓட்டும்போது மறுக்கும்.

எல்லா ஏஜென்ட்டும் ஒரே ஃபோல்டரிலா ஓடுகிறது? கடிதத்தில் இல்லை. அப்படியென்றால் உடனே நிறுத்திவிட்டு ஆளுக்கொரு வொர்க்ட்ரீ (அதே ரிப்போவின் தனி வேலை ஃபோல்டர்) கொடுங்கள். 2015-ல் வந்த கிட் 2.5 முதலே இந்த வசதி உண்டு. அதிலும் ஒரு பொறி இருக்கிறது: முடியாத மாற்றங்களை ஒதுக்கி வைக்கும் ஸ்டாஷ் எல்லா வொர்க்ட்ரீக்கும் பொது. ஓர் ஏஜென்ட் ஒதுக்கி வைத்ததை இன்னொன்று பாப் செய்து (வெளியே எடுத்து) தன் கோடில் கலந்துவிடலாம். ஸ்டாஷ் கட்டளையையே தடை செய்து, தற்காலிக கமிட் போடச் சொல்லுங்கள். கிட் கான்ஃபிக்கும், கமிட் போன்ற நேரங்களில் தானாக ஓடும் ஹூக்குகளும்கூடப் பொதுதான். அமைப்பு மதிப்புகளை வைத்திருக்கும், கிட் கவனிக்காத என்வ் ஃபைல் புது வொர்க்ட்ரீக்கு வராது. போர்ட் எண்ணும் டெஸ்ட் டேட்டாபேஸ் பெயரும் ஒவ்வொன்றுக்கும் வேறாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றின் டேட்டாவை இன்னொன்றின் டெஸ்ட் அழித்துவிட்டு, காரணம் தெரியாத தோல்வியாக வந்து நிற்கும்.

ரிவ்யூவரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பணியின் விவரமும் டிஃப்பும் அதற்குப் போதும். எழுதிய ஏஜென்ட்டின் விளக்கத்தைக் காட்டாதீர்கள், காட்டினால் அந்த விளக்கத்தையே திருப்பிச் சொல்லும். மெயினுக்குள் விடும் அதிகாரம் அதற்கு வேண்டாம், வாசல் நிரலிடமே இருக்கட்டும்.

இப்போது திறந்து கிடக்கும் பிராஞ்ச்களில் தொகையைத் தொடுகிற எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். ரீபேஸ் செய்து காப்பாற்றப் பார்க்காதீர்கள். ரூபாய் என்று நம்பி எழுதிய வரி எங்கெங்கே இருக்கிறது என்று தேடும் நேரத்தில் புதிதாக எழுதிவிடலாம். முழு பில் டெஸ்ட்டும் தொகை டைப்பும் மெயினில் ஏறிய பிறகு, அந்த கமிட்டிலிருந்து இரண்டே ஏஜென்ட்களைக் கிளப்புங்கள். ஒரு வாரம் வாசலில் எத்தனை தேங்குகிறது, எத்தனை தோற்கிறது என்று அந்த டேபிளிலிருந்து எடுத்து எனக்கு எழுதுங்கள். மூன்றாவது ஏஜென்ட்டைப் பற்றி அப்போது பேசலாம்.