டோரண்ட்டில் நம் படைப்பைப் பரப்பலாமா? கேள்விகளும் பதில்களும்

நண்பர்களோடு சேர்ந்து எடுத்த ஆவணப்படத்தை டோரண்ட் வழியாகப் பரப்பியதைப் பற்றிச் சொன்னதிலிருந்து கேள்விகள் வந்தபடியே இருக்கின்றன. அவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். டோரண்ட் என்பது ஒரு கோப்பை இறக்குகிறவர்களே தங்களுக்குள் துண்டு துண்டாகப் பகிர்ந்துகொள்ளும் முறை.

டோரண்ட் என்றாலே திருட்டுப்படம்தானே? சட்டச் சிக்கல் வராதா?

உங்கள் சொந்தப் படைப்பை நீங்களே கொடுத்தால் அதில் திருட்டு எங்கே வந்தது? டெபியன், உபுண்டு ஆகிய இயங்குதளங்களை டோரண்ட்டிலும் அதிகாரபூர்வமாகவே தருகிறார்கள். படத்தில் பிறருடைய பாட்டு ஒரு நிமிடம் ஒலித்தாலும் அதற்கு அனுமதி வாங்கிவிடுங்கள். படைப்பைப் பிறர் எப்படிப் பகிரலாம் என்று முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் உங்களுடையது எதுவென்று படத்தின் முடிவிலும் எழுதிக் காட்டுங்கள்.

இலவசமாகக் கொடுத்துப் பணம் பார்த்தவர்கள் உண்மையில் உண்டா?

உண்டு. நான் அடிக்கடி எடுத்துக்காட்டுவது அமெரிக்காவின் நைன் இஞ்ச் நெயில்ஸ் இசைக்குழுவை. 2008 மார்ச்சில் 'கோஸ்ட்ஸ்' என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். மொத்தம் 36 இசைத்துண்டுகள். முதல் ஒன்பதையும் பைரேட் பே உள்ளிட்ட டோரண்ட் தளங்களில் அவர்களே ஏற்றினார்கள். முழுத் தொகுப்பின் பதிவிறக்கம் 5 டாலர். குழுவின் தலைவர் டிரெண்ட் ரெஸ்னர் கையெழுத்திட்ட சிறப்புப் பதிப்பு 300 டாலர். 2,500 பிரதிகள் மட்டும். அந்தச் சிறப்புப் பதிப்பு சில நாட்களிலேயே தீர்ந்துபோனது. அதில் மட்டும் ஏழரை லட்சம் டாலர். முதல் வார வருமானம் எல்லாம் சேர்ந்து 16 லட்சம் டாலர்.

இதில் கவனிக்க வேண்டியது உரிமம். வணிக நோக்கமின்றி 36 துண்டுகளையும் யாரும் யாருக்கும் கொடுக்கலாம் என்று அவர்களே அனுமதித்திருந்தார்கள். இலவசமாகவே கிடைக்கும் என்று தெரிந்தும் மக்கள் காசு கொடுத்தார்கள். அந்த ஆண்டு அமேசானில் அதிகம் விற்ற எம்பி3 தொகுப்பும் அதுதான். டோரண்ட் ஆட்களை அழைத்து வந்தது; அவர்கள் வாங்குவதற்குக் கையில் எடுத்துப் பார்க்கும்படி ஒரு பொருள் கடையில் தயாராக இருந்தது. அப்படி ஒரு பொருள் இல்லாமல் கோப்பை மட்டும் இறைத்துவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை.

அவர்கள் புகழ்பெற்றவர்கள். என்னைப் போன்ற புதியவருக்கு?

நியாயமான கேள்வி. அந்தக் குழுவின் முதல் தொகுப்பு வெளிவந்தது 1989இல். ஏறக்குறைய இருபது ஆண்டு ரசிகர்கள் பின்னால் இருந்தார்கள். டோரண்ட்டில் யாரும் உலாவிக்கொண்டே வந்து உங்களைக் கண்டுபிடிப்பதில்லை. பெயர் தெரிந்து தேடி வருகிறார்கள். ஆகவே முதலில் உங்கள் பெயர் நாலு பேர் வாயில் அடிபட வேண்டும். டோரண்ட் அதற்கு அடுத்த படி.

நடைமுறையில் எப்படித் தொடங்குவது?

நான் செய்த தவற்றையே சொல்கிறேன். எங்கள் ஆவணப்படம் 1.4 ஜிபி. இரவு டோரண்ட்டை வெளியிட்டுவிட்டு மடிக்கணினியை மூடித் தூங்கிவிட்டேன். விடிந்தால் ஒரே புலம்பல்: "97 விழுக்காட்டில் நிற்கிறது." டோரண்ட் கோப்பைச் சிறு துண்டுகளாக்கி அனுப்புகிறது, வாங்கியவர்கள் தங்களிடம் இருப்பதை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிறார்கள். மீதி 3 விழுக்காடு உலகத்திலேயே என் கணினியில் மட்டும்தான் இருந்தது. அதுவோ உறங்கிக்கொண்டிருந்தது. அன்று விலகிப் போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. இன்று நினைத்தாலும் மனம் ஆறவில்லை.

கணினியை இரவும் பகலும் ஓட விட முடியாதவர்கள் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் ஏற்றுங்கள். அந்தத் தளமே டோரண்ட் கோப்பை உருவாக்கித் தரும். வேறு யாரும் சீட் செய்யாத, அதாவது தங்கள் கணினியிலிருந்து பிறருக்குக் கொடுக்காத நேரத்திலும் அதன் சர்வர்கள் கொடுத்துக்கொண்டிருக்கும்.

நான் எழுத்தாளர். என் நாவலையும் இப்படி விடலாமா?

இரண்டு எம்பி மின்னூலுக்கு டோரண்ட் வேண்டாம். 2013 முதல் இயங்கும் ஃப்ரீ தமிழ் இ-புக்ஸ் தளத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுங்கள். தமிழ் வாசகர்கள் தேடி வரும் இடம் அது.

புதுப்படத்தின் பெயரைச் சூட்டி என் கடை விளம்பரத்தை ஏற்றினால் லட்சம் பேர் பார்ப்பார்களே?

தயவுசெய்து செய்யாதீர்கள். படம் என்று நம்பித் திறந்தவர் முன்னால் உங்கள் கடைப் பெயர் வந்து நிற்கும். ஏமாற்றியவர் யார் என்று அவருக்கு நீங்களே முகவரி கொடுக்கிறீர்கள். வைரஸ் பரப்புகிறவர்கள் கையாளும் வழியும் இதுதான்.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எப்படிக் கணக்கிடுவது?

டோரண்ட்டில் பகிர்கிறவர்களை இணைத்துவைக்கும் சர்வரான டிராக்கர் காட்டும் எண், பதிவிறக்கம் முடிந்த கணக்கு மட்டுமே. இறக்கியவர் பார்த்தாரா என்பது அதில் தெரியாது. படத்தின் முடிவில் வேறெங்கும் தராத ஓர் இணைய முகவரியைக் காட்டுங்கள். அங்கே வருகிறவர்கள்தான் கடைசிவரை பார்த்தவர்கள்.

பிழை இருந்தால் பிறகு திருத்தலாமா?

முடியாது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அதன் அடையாள எண் மாறிவிடும். அது வேறொரு டோரண்ட். பழையது பிறர் கணினிகளில் இருந்தபடியே சுற்றிக்கொண்டிருக்கும். எங்கள் படத்தில் நன்றி கூறும் பட்டியலில் ஒளிப்பதிவாளரின் பெயர் தவறாக இருக்கிறது. திருத்திய படத்தையும் வெளியிட்டோம். இன்றும் அதிகம் பேர் இறக்குவது பழையதைத்தான்.